பேலியோவில் இருந்துகொண்டே அரை மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 172 செ.மீ., ஊர் கோவை. மூன்று வருடமாக ஓடுகிறேன். வாரம் நான்கு நாள், மொத்தம் 40 கி.மீ. வரும். 10 கி.மீ. தூரத்தை 58 நிமிடத்தில் முடிப்பேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்ததால் நான்கு வாரமாகப் பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவுமுறை) இருக்கிறேன். 82 கிலோவிலிருந்து 78-க்கு வந்துவிட்டேன். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. தினமும் உண்டு. காலையில் பட்டர் டீ குடித்துவிட்டு ஓட்டம், வந்ததும் 100 பாதாம். மதியம் காலிஃபிளவர் சாதம் (அரிசி இல்லாமல் காலிஃபிளவரைத் துருவிச் செய்தது), 4 முட்டை. இரவு 150 கிராம் சிக்கன், கீரை. பசியே எடுப்பதில்லை. ஆனால் ஓட்டம் படுத்துவிட்டது. 3 கி.மீ. தாண்டினாலே கால் இரும்பாகக் கனக்கிறது. முன்பு 145 இருந்த இதயத்துடிப்பு அதே வேகத்தில் 160-ஐத் தொடுகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இளநீர் குடித்தும் சரியாகவில்லை. இன்னும் 11 வாரத்தில் அரை மாரத்தான் (21.1 கி.மீ.). 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. பேலியோக் குழுவில் இருப்பவர்கள் “உடம்பு கொழுப்புக்குப் பழகட்டும், பொறு” என்கிறார்கள். பயிற்சியாளர் “ஒழுங்காகச் சோறு சாப்பிடு” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது அந்தத் தலைசுற்றல்தான்.

மாவுச்சத்தைக் குறைத்ததும் ரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இன்சுலினும் ஒரு காரணம். அது குறைந்ததும் சோடியம் சிறுநீரோடு போகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. இது போக, தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் 400, 500 கிராம் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து), ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். கிளைகோஜன் கரையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும். நீங்கள் இழந்த 4 கிலோவில் பாதிக்கு மேல்கூட தண்ணீராக இருக்கலாம். ரத்தத்தின் அளவு குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். 82 கிலோ உடம்புக்கும் சோறு, சாம்பார், ஊறுகாய்ச் சாப்பாட்டுக்கும் பொருத்தமாக இருந்த மாத்திரை, இப்போது உங்களுக்கு அதிகமாகிவிட்டிருக்கக்கூடும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இல்லையென்றால் மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்குங்கள். ஏழு நாள், காலையில் மாத்திரை போடும் முன்பும் மாலையிலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளந்து எழுதுங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளங்கள். உட்கார்ந்த நிலையில் மேல் எண் 110-க்குக் கீழே இருந்தாலோ, நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலோ, ஏழு நாள் முடியும்வரை காத்திராமல் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை வேக ஓட்டம் வேண்டாம். கால்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். உடம்பில் நீர் குறைந்த நிலையில் டெல்மிசார்டனோடு அந்த மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும்.

அடுத்தது உப்பு. பேலியோவில் ரொட்டி, இட்லி, சட்னி, அப்பளம், ஊறுகாய், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. உப்பு உங்களுக்கு வந்த வழிகளே அவைதான். வரவு பாதியாகிவிட்டது, சிறுநீரில் செலவு கூடிவிட்டது, அதற்கு மேல் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு போகிறது (ஆளுக்கு ஆள் பாதியும் ஆகலாம், ஒன்றரை மடங்கும் ஆகலாம்). எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய, ஓடும் முன்னும் பின்னும் துண்டோடு மட்டும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் 1 லிட்டர்.

மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளைக்கு 3 முதல் 5 கிராம் சோடியம். உப்புக் கணக்கில் ஏழரை முதல் பன்னிரண்டரை கிராம். நீங்கள் பிரஷர்காரர் என்பதால் நேரே அந்த உச்சிக்குப் போக வேண்டாம். மேலே சொன்ன அளவீட்டில் பிரஷர் 130-க்குக் கீழே இருந்தால் மட்டும், இப்போது சமையலில் சேரும் உப்போடு கூட 3 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல் பொடியுப்பு, சேருங்கள். கல்லுப்பு என்றால் ஸ்பூனை நம்பாதீர்கள், தராசில் போடுங்கள். அதிலும் பாதியை ஓடும் முன் 400 மி.லி. தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். மீதியை ஓடி வந்தபின் ஆட்டுக்கால் சூப்பிலோ, பருப்பில்லாத ரசத்திலோ, மோரிலோ. ஒரே மூச்சில் முழு உப்பையும் கரைத்துக் குடித்தால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே கழிப்பறை தேட வேண்டியிருக்கும். இரண்டு வாரம் பிரஷரைத் தொடர்ந்து பாருங்கள். ஏறினால் கூடுதல் உப்பை நிறுத்துங்கள்.

இளநீர் ஏன் உதவவில்லை என்றால், அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். உங்களுக்குப் போய்க்கொண்டிருப்பது சோடியம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் மருந்து வேறு. ஆகவே தினமும் இரண்டு மூன்று இளநீர், பொட்டாசியம் மாத்திரை, ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பு மூன்றும் வேண்டாம். கடைசியில் சொன்னது பலருக்குத் தெரிவதில்லை: அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். ராத்திரிக் கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. சிறுநீரகம் சரியாக இருந்தால் மூன்று வாரம் முயன்று பார்ப்பதில் தப்பில்லை. சிட்ரேட் வகையாக வாங்குங்கள். ஆக்சைடு வயிற்றைக் கலக்கும். பூசணி விதை ஒரு கைப்பிடி அதைவிடச் சுவையான வழி. பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் சரியானாலே பிடிப்பு அடங்கிவிடும்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். கால் கனப்பதற்கு மாவுச்சத்து இல்லாதது ஒரு காரணம்தான். அதற்குச் சமமான இன்னொரு காரணம், நீங்கள் சாப்பிடுவதே இல்லை. கூட்டிப் பாருங்கள்: 100 பாதாம் சுமார் 110 கிராம், 640 கலோரி. நான்கு முட்டை 280. பச்சை எடையில் 150 கிராம் சிக்கன் 250. பட்டர் டீ 150. காலிஃபிளவர், கீரை, தாளித்த எண்ணெய் எல்லாம் சேர்த்து 200. மொத்தம் 1,500 சொச்சம். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் சும்மா படுத்திருந்தாலே சுமார் 1,670 வேண்டும். வேலை, நடமாட்டம் சேர்த்து 2,300. ஓட்டத்துக்கு எடையில் ஒரு கிலோவுக்கு, ஓடும் ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கலோரி. 78 கிலோ, 40 கி.மீ. என்றால் வாரத்துக்கு 3,100, நாளுக்கு 440. ஆக 2,700-க்கு மேல் செலவு, 1,500 வரவு. புரதமும் 80, 85 கிராம்தான் வருகிறது. தசை கரையாமல் இருக்க எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் 125 வேண்டும்.

இந்த உணவுமுறையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ‘மாவு குறைவு, கொழுப்பு அதிகம்’ என்பதில் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். பசி அடங்கிவிடுவதால் வயிறு எச்சரிக்கை செய்வதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வரம். வாரம் 40 கி.மீ. ஓடுபவருக்கு அது பட்டினி. எடை குறைய 400, 500 கலோரி பற்றாக்குறை போதும். 2,200-க்கு ஏற்றுங்கள்.

உதாரணத்துக்கு, ஓட்டம் முடிந்ததும் நான்கு முட்டை ஆம்லெட் ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யில், கூடவே 50 பாதாம். 100 வேண்டியதில்லை, பாதாமில் புரதம் இருப்பது உண்மை, ஆனால் ஓட்டக்காரருக்கு முட்டையும் மீனும் இன்னும் நல்ல புரதம். மதியம் 200 கிராம் அயிலை அல்லது மத்தி நல்லெண்ணெயில், தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல் தாராளமாக, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கொய்யா. இரவு தோலோடு 200 கிராம் சிக்கன், நெய் விட்ட கீரை. அதோடு ஓடும் நாட்களில் வேகவைத்த 150 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பேலியோக் குழுவில் இந்தக் கிழங்குக்கு முகம் சுளிப்பார்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் நீங்கள் நிமிடத்துக்கு சுமார் 13 கலோரி எரிக்கிறீர்கள். சாதாரண உணவில் இருக்கும், நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் உடம்பு கொழுப்பை எரிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 0.6 கிராமை ஒட்டி இருக்கும். அது 5, 6 கலோரி. மீதி கிளைகோஜனிலிருந்து வரவேண்டும். அந்தக் கையிருப்பைத்தான் நீங்கள் காலி செய்திருக்கிறீர்கள். கால் கனக்காமல் என்ன செய்யும்?

கொழுப்பெரிப்பு கூடும் என்று குழுவினர் சொல்வது பொய்யல்ல. அமெரிக்காவில் நீள்தூர ஓட்டக்காரர்களையும் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) வீரர்களையும் வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், நீண்ட காலம் மாவு குறைத்து உண்டவர்கள் நிமிடத்துக்கு ஒன்றரை கிராம் வரை கொழுப்பை எரித்தார்கள். மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அவர்கள் சராசரியாக 20 மாதம் அந்த உணவில் இருந்தவர்கள், அதுவும் பந்தய வீரர்கள். நான்கு வாரத்தில் அந்த அளவை எதிர்பார்ப்பது வீண்.

பயிற்சியாளர் சொல்வதிலும் சாரம் இருக்கிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் ஏறக்குறைய 5.05 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.69. அதே வேகத்தில் ஓட இப்போது உங்களுக்கு 7 சதவீதம்வரை கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். 145 துடிப்பு 160 ஆனதில் இதற்கும் பங்கு உண்டு, நீர் குறைந்ததற்கும் பங்கு உண்டு. முதலாவது பழகினாலும் முழுக்கப் போகாது. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தர வேகநடை வீரர்களை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மூன்று வாரக் கடும் பயிற்சிக்குப் பின், மாவுச்சத்து உண்ட இரண்டு குழுக்களும் 10 கி.மீ. பந்தயத்தில் 5, 6 சதவீதம் முன்னேறின. மாவைக் குறைத்துக் கொழுப்பை அதிகம் உண்ட மூன்றாவது குழுவின் உடல்திறன் பயிற்சியால் கூடியும், அவர்களின் பந்தய நேரம் முன்னேறவில்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கொழுப்புக்குப் பழகிய தசையில், மாவுச்சத்தை எரிக்கும் பாதையின் வாசலில் நிற்கும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் ‘வருஷம் முழுக்க கெட்டோ (மாவுச்சத்தை அடியோடு குறைத்த உணவு), பந்தயத்துக்கு முந்தின ராத்திரி பிரியாணி’ என்ற உத்தி பலிப்பதில்லை. சரக்கு இறங்குகிறது, எடுத்து எரிக்க முடிவதில்லை. மேட்டிலும் கடைசி 2 கி.மீ. தள்ளலிலும் இது நன்றாகத் தெரியும்.

ஆக, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் ஓட்டத்துக்குக் கடும் பேலியோ இடைஞ்சல் செய்யாது. கடிகாரத்தைப் பார்த்து ஓடும் அரை மாரத்தானுக்கு அது சில நிமிடங்களைத் தின்னும். உங்களுக்குச் சர்க்கரையும் குறைய வேண்டும், ஓடவும் வேண்டும். நாளைக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓடாத நாளில் 50 கிராம், ஓடும் நாளில் 80 முதல் 100 கிராம் மாவுச்சத்து உங்களுக்குப் பொருந்தும். 130 கிராமுக்குக் கீழே இருந்தால் அதுவும் குறைந்த மாவு உணவுதான். சர்க்கரைவள்ளிக்கும் கொய்யாவுக்கும் தட்டில் இடம் கொடுத்தது இதனால்தான்.

11 வாரத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு வாரம் 25, 30 கி.மீ. மட்டும், துடிப்பு 142-ஐத் தாண்டாமல். தாண்டினால் நடங்கள், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆனாலும் கவலை வேண்டாம். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், 140 துடிப்பில் 5 கி.மீ. ஓடி நேரத்தைக் குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். உணவு ஒத்துப்போகிறதா என்பதை, சிறுநீரில் நனைத்துக் கீட்டோனை (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) அளக்கும் பட்டையைவிட இந்தச் சோதனை நேர்மையாகச் சொல்லும். மூன்று சோதனையிலும் நேரம் குறையவில்லையென்றால் மாவுச்சத்தை 130 கிராம் வரை ஏற்றுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து நீள ஓட்டத்தை 12 கி.மீ.-இல் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் 18-க்குக் கொண்டு போங்கள். மெது ஓட்டங்களின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் ஆறு சேர்க்கலாம். அந்தக் குறுகிய வேகத்துக்குக் கிளைகோஜன் பெரிதாகத் தேவைப்படாததால் கால் தாங்கும். எடை தூக்கும் பயிற்சியிலும் ஐந்து தடவை தூக்கும் கன செட் சுலபமாக வரும், 15 தடவை செட் திணறும். திணறுவதை வைத்து ‘தசை போய்விட்டது’ என்று பயப்பட வேண்டாம்.

நான்காம் வாரத்திலிருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள் வேகம்: 8 நிமிடம் மூன்று முறை, நடுவே 3 நிமிடம் மெதுவாக. அன்று வெறும் வயிற்றில் போகாதீர்கள். அரைமணி முன்பு சின்ன ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, அல்லது பேரீச்சை நான்கு. சுமார் 25 கிராம் வரும். “கெட்டோசிஸ் (உடம்பில் கீட்டோன் கூடியிருக்கும் நிலை) கலைந்துவிடுமே” என்றால், கலையட்டும். அந்தச் சர்க்கரை ஓட்டத்திலேயே எரிந்துவிடும். உங்கள் இலக்கு சர்க்கரை அளவும் எடையும். கீட்டோன் அளவு அல்ல. பட்டர் டீயை எந்த ஓட்டத்துக்கு முன்பும் வேண்டாம். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். குலுங்கி ஓடும்போது குமட்டும். சர்க்கரை போடாத கடுங்காப்பி போதும்.

கடைசி மூன்று வாரம் தினமும் 130 கிராமை ஒட்டி இருங்கள், அந்த மந்தமான நொதிக்கு வேலை கொடுக்க. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாள் 230 கிராம் வரை போகலாம்: தயிர்சாதம், இட்லி, உருளைக்கிழங்கு. கீரை, கொய்யா போன்ற நார்ச்சத்தை அந்த இரண்டு நாளும் குறையுங்கள். எடை ஒரு கிலோ ஏறும். அது தண்ணீர், அன்று அது உங்களுக்கு உதவி. அன்று காலை இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, சட்னியைக் குறைத்து. ஓட்டத்தில் 40-ஆவது நிமிடத்திலிருந்து மணிக்கு 30 கிராம் கணக்கில் ஜெல்லோ (ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) பேரீச்சையோ, தண்ணீரோடு. நீள ஓட்டங்களில் நான்கு முறையாவது இதைப் பழகியிருக்க வேண்டும். மாவுச்சத்தே பார்க்காத குடலுக்குச் சர்க்கரையை உறிஞ்சும் திறனும் குறைந்திருக்கும். பழகாமல் பந்தயத்தன்று முதல் ஜெல்லைப் பிரித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்வது வழக்கம்.

2 மணி நேரம் பற்றி. அதற்குக் கிலோமீட்டருக்கு 5:41 வேண்டும். உங்கள் 10 கி.மீ. ஓட்டமே 5:48 வேகம். அந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் அரை மாரத்தான் 2 மணி 8 நிமிடத்தில் வருகிறது. சோறு சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும். எடை குறைந்தது கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் இரண்டு வாரத்தை உடம்பைத் தேற்றுவதில் செலவிடப் போகிறீர்கள். இந்த முறை 2:10-ஐ வைத்து ஓடுங்கள். 2 மணி நேரம் அடுத்த சீசனுக்கு.

ரத்தப் பரிசோதனை: கொலஸ்ட்ராலை எடை வேகமாகக் குறையும்போது பார்க்காதீர்கள், குழப்பும். எடை ஓரிடத்தில் நின்று நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) இறங்கி, எச்.டி.எல். (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) ஏறுவது வழக்கம். எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) சிலருக்கு, முக்கியமாக ஒல்லியாக இருந்து நிறைய ஓடுபவர்களுக்கு, எகிறிவிடும். ஏறினால் ‘பேலியோவில் அது சகஜம்’ என்று யாராவது சமாதானம் சொல்வார்கள், ஏற்காதீர்கள். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெயைக் குறைத்து, மீன், பாதாம், நல்லெண்ணெய்க்கு மாறி, மாவுச்சத்தை 100-க்கு ஏற்றி இரண்டு மாதத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் 160-க்கு மேல் இருந்தால், உங்களுக்குப் பிரஷரும் இருப்பதால், மருத்துவர் முடிவுக்கு விடுங்கள். 190-ஐத் தொட்டால் இரண்டு மாதம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். யூரிக் அமிலம் முதல் சில வாரம் கூடும். முன்பு கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) வந்தவராக இருந்தால் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி. (சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை) பாருங்கள். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை செய்யச் சொன்னால், அதற்கு முந்தைய மூன்று நாளும் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் பொய்யாக அதிகம் காட்டும். நீள ஓட்டத்துக்கு மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள். கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்குப் பார்க்கும் அளவு) ஈரல் நொதிகளும் ஏறியிருக்கும். மூன்று நாளாவது விடுங்கள்.

இதைப் படித்துவிட்டுத் தொடங்க நினைக்கும் மற்றவர்களுக்கு: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் மாவுச்சத்தை இப்படிக் குறைத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும், அதிலும் ஓடும்போது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் மருந்தளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகுதான் தட்டை மாற்ற வேண்டும்.